அல்வா ஊரில் ஒரு பாலாடை பருப்புத் தண்ணி!

திருநெல்வேலிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிறவனை யாரும் மன்னிப்பதில்லை. நெல்லையப்பரைக் கும்பிட்டாயா, தாமிரபரணியில் குளித்தாயா என்று ஒருத்தராவது கேட்கட்டுமே... ம்ஹூம்! நேராகப் பையைத்தான் பார்ப்பார்கள். அல்வா இல்லையென்றால் முகம் சுருங்கிவிடும்.

அப்படிப்பட்ட ஊருக்கு, அதுவும் டவுன் கீழ ரத வீதிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தடவைக்கு சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளக்கூடிய வயிற்றோடு ஒருவன் வந்து இரண்டரை மாதம் தங்கினால் எப்படியிருக்கும்? அந்தப் பாக்கியசாலி அடியேன்தான்.

எனக்கு நடந்தது எடைக் குறைப்பு ஆபரேஷன். அதுவும் இரண்டாவது தடவை. டாக்டர் பாஷையில் 'ரிவிஷன் சர்ஜரி'. ரிவிஷன் என்றால் நமக்கெல்லாம் பத்தாம் வகுப்பில் பொங்கல் லீவு முடிந்த கையோடு வைப்பார்களே, அந்த டெஸ்ட்தான் ஞாபகத்துக்கு வரும். ஊரும் கிட்டத்தட்ட அப்படித்தான் எடுத்துக்கொண்டது. பையன் முதல் தடவை கோட்டை விட்டுவிட்டான், இப்போது அரியர் எழுதுகிறான்!

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அத்தை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். சென்னையில் எங்களுக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு பேங்க்கில் லீவு கிடையாது. அத்தை வீட்டில் வாசலைத் தாண்டினால் தெரு. தெருவைத் தாண்டினால் நான்கு ரத வீதிகள், நடப்பதற்கென்றே போட்டு வைத்த மாதிரி. போதாக்குறைக்கு அத்தையின் உத்தரவாதம் வேறு: "தாமிரவரணித் தண்ணிய ஒரு மாசம் குடிக்கட்டும். எல்லாம் சரியாப் போயிரும்."

மாமாதான் திண்ணையில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு வாசித்தார்.

"வாயக் கட்டத் தெரியாதவன் வயித்தக் கட்டுதான்! அதுவும் ரெண்டாந்தரம். மொதத் தரம் வெட்டினவருக்கு அளவு பத்தலியோ?"

மாமா பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ரிட்டயரானவர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் கோடைமேலழகியானில் ஆரம்பித்து ஸ்ரீவைகுண்டம் வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். மனுஷ வயிறு மட்டும் அவர் டிவிஷனில் வரவில்லை. அதனால் கதையைக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

2018-ல் என் எடை 134 கிலோ. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "ரெண்டு டிக்கெட்டா சார்?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்தும் கொள்வார். சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று சகலமும் இருந்தது. சென்னையில் 'ஸ்லீவ்' ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றை நெடுக்குவாட்டில் நறுக்கி, முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, வாழைக்காய் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். ஒன்றரை வருஷத்தில் 88-க்கு வந்தேன். பழைய பேன்ட்டுகளையெல்லாம் தானம் பண்ணினேன்.

பிறகு எடை திரும்பி வந்தது. தடாலென்று அல்ல. வருஷத்துக்கு ஐந்து, ஆறு கிலோ என்று, சொந்தக்காரர்கள் கைமாற்று வாங்குகிற மாதிரி அமைதியாக. 2024 கடைசியில் 117. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். படுத்தால் வயிற்றிலிருக்கிற அமிலம் தொண்டைக்கு ஏறுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று தலையணை வைத்து, பாதி உட்கார்ந்தபடி தூங்கினேன். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருந்தது தெரிந்தது.

மதுரை டாக்டரிடம் நான் முதலில் கேட்டது, நிறையப் பேர் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி: "இது என் குத்தமா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. எடை இறங்கியதும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறதாம். செலவைக் குறைக்கும், பசியைக் கூட்டும். 117-லிருந்து 90-க்கு இறங்கியவன் உடம்பு, எப்போதுமே 90-ல் இருப்பவன் உடம்பைவிடக் குறைவாகத்தான் எரிக்கும். இது ஒழுக்கப் பிரச்னை இல்லை, நாள்பட்ட வியாதி. சர்க்கரை, பிரஷர் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியது என்றார். பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதினால் யாராவது "முதல் மாத்திரையில் தோற்றுவிட்டான்" என்று சொல்கிறார்களா?

அதன் பிறகு இந்த ஆபரேஷனின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் 1966-ல் 'பைபாஸ்' முறையை ஆரம்பித்தார். அல்சருக்காக வயிற்றில் பாதியை எடுத்தவர்கள் இளைத்துப்போவதைப் பார்த்து வந்த யோசனை அது. ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஸ்லீவின் கதைதான். அது தனி ஆபரேஷனாகப் பிறக்கவே இல்லை! மிகவும் பருத்த, ஒரே மூச்சில் பெரிய ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்களுக்கு, இரண்டு கட்டமாகச் செய்கிற சிகிச்சையின் முதல் கட்டம். கொஞ்சம் எடை குறைந்ததும் குடலைத் திருப்புகிற இரண்டாம் கட்டம். சிலருக்கு முதல் கட்டத்திலேயே போதுமான அளவு குறைந்துவிட, அதையே தனியாகச் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஆக, இரண்டாவது ஆபரேஷன் அரியர் இல்லை ஐயா! பி.காம்.மில் எங்களுக்கு அட்வான்ஸ்டு அக்கவுண்டன்சி பார்ட் ஒன், பார்ட் டூ என்று இருக்கும். பார்ட் டூ எழுதுகிறவனைப் பார்த்து "பாவம், பெயில்" என்று யாரும் சொன்னதில்லை.

கால்பந்து ராஜா மரடோனா 2005-ல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டார். எடை திரும்பியதும் 2015-ல் வெனிசுவேலாவில் மறுபடியும் மேஜையில் ஏறினார். அத்தனை பேரையும் ஏமாற்றிக் கோல் போட்டவராலேயே தன் உடம்பை ஏமாற்ற முடியவில்லை. நாம் எம்மாத்திரம்?

ஆனாலும் 'சரி' என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் பிடித்தது. காமர்ஸ் புத்தி. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு வரவு, செலவு எழுதினேன். இரண்டாவது ஆபரேஷனில் ஆபத்து முதலாவதைவிட அதிகம். பழைய தழும்புகள் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், தையலில் கசிவு வரலாம், ரத்தப்போக்கு வரலாம், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போகலாம். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அரசு விசாரணை நடந்து, அந்த ஆஸ்பத்திரியின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பேப்பர் துண்டை மனைவி பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்தது அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதற்கு நடுவில் ஊசிகள் வந்து சேர்ந்தன. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வீகோவி. வாரம் ஒரு குத்து, பசி அடங்கும், எடையும் நன்றாகவே குறையும். "எடை மட்டும்தான் உங்க பிரச்னைன்னா முதல்ல ஊசியைத்தான் பார்க்கலாம்னு சொல்லுவேன். ஆனா இந்த எரிச்சலுக்கும் புண்ணுக்கும் ஊசி மருந்து கிடையாது. பைபாஸா மாத்தினா ரெண்டுக்கும் வழி பிறக்கும்" என்றார் டாக்டர். "அவசரமில்லை, வீட்ல பேசிட்டு வாங்க" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவரிடம் திரும்பிப் போனேன்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் 35-ஓடு கடுமையான சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் மூச்சுத்திணறல் போன்றவை இருந்தால் இந்த ஆபரேஷனைத் தள்ளக்கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் வகுத்த விதிமுறையில் இருந்தது. உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொடி எழுத்து உட்பட, அட்மிட் ஆவதற்கு முன்னால் படியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு படித்தால் பிரஷர் ஏறும்.

சரி, திண்ணைக்கு வருவோம்.

வந்த ஐந்தாம் நாள், டாக்டர் சீட்டின் பின்பக்கம் வரைந்து கொடுத்த படத்தை மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன மருமவனே, வாய்க்கால் பிளான் மாதிரி இருக்கு?"

"வாய்க்கால்தான் மாமா. மொத ஆபரேஷன் ஆத்தோட அகலத்தக் குறைச்சுக் கரை கட்டின மாதிரி."

மாமா அரை நிமிஷம் யோசித்தார். "அகலத்தக் குறைச்சா மட்டம் ஏறுமேடே. தண்ணி எதுத்துல்லா வரும்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு வருஷத்தில் எத்தனையோ பேர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். குழாய் மாதிரி ஆன வயிற்றில் அழுத்தம் கூடி அமிலம் மேலேறுவதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

"அதேதான் மாமா. இப்ப மேல ஒரு சின்ன அணை கட்டி, அங்கேருந்து புதுசா வாய்க்கால் வெட்டியிருக்காங்க. சாப்பாடு அதுல போயிரும்."

"அப்பம் பழைய ஆறு?"

"அது அப்படியே கிடக்கும். அதுல ஊறுற நீர், பித்தநீர், கணையநீர் எல்லாம் பழைய வழியாவே வந்து, ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கீழ தள்ளி வாய்க்காலோட சேர்ந்துக்கும்."

"சுத்தமல்லியில பிரிச்சு நெல்லைக் கால்வாய் வழியா நயினார் குளத்துக்குக் கொண்டு வாரமே, அதே சோலி!" மாமா முகத்தில் சர்வீஸ் களை வந்துவிட்டது. "கால்வாய் வெட்டினா மட்டும் போதாதுடே. வருசா வருசம் தூர் வாரணும், மதகைப் பாக்கணும். செஞ்சியன்னா நிக்கும்." அன்றிலிருந்து 'வாயைக் கட்டு' பேச்சு நின்றது. வருகிறவர்களிடம் படத்தைக் காட்டி அவரே விளக்க ஆரம்பித்துவிட்டார். தலை மதகு, கடைமடை சகிதம்!

சாப்பாட்டு இலாகா அத்தையிடம். முதல் இரண்டு வாரம் தண்ணீராக ஓடுவது மட்டும்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் அளவுக் கோப்பையை அத்தை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பரணில் ஏறி எதையோ உருட்டினார். இறங்கும்போது கையில் வெள்ளிப் பாலாடை.

"நீ கைப்பிள்ளையா இருக்கையில உங்கம்மைக்கு டைபாய்டு. மூணு வாரம் இதுலதான் ஒனக்குப் பால் போட்டேன்."

அளந்து பார்த்தோம். விளிம்பு வரை ஊற்றினால் 30 மில்லிக்குக் கொஞ்சம் குறைச்சல். கால் மணி நேரத்துக்கு ஒரு பாலாடை. பாசிப்பருப்பு வேகவைத்து வடித்த தண்ணி, வடிகட்டின மோர், வெறும் தண்ணீர். முப்பத்தாறு வயசு ஆம்பளை, மீசையோடு, பாலாடையில் உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக் குழந்தை என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டது.

மூன்றாம் வாரம் மசித்தது, ஐந்தாம் வாரத்துக்கு மேல் மெத்தென்று வேகவைத்தது. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். அங்கேதான் சிக்கல். சைவ வீடு. அத்தை வீட்டில் முட்டை என்பது பிள்ளைகளின் விடைத்தாளில் மட்டுமே வந்திருக்கிறது! தயிர், பனீர், பருப்பு, பிறகு டப்பாவில் வரும் புரதப் பொடி. அதைக் கலக்குவதைப் பார்த்து அத்தை "மாட்டுக்குப் புண்ணாக்கு கரைக்கது மாதிரில்லா இருக்கு" என்றார். இரும்பு, கால்சியம், பி12, வைட்டமின் மாத்திரைகள் ஆயுசு பூராவும். இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போகக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரே பந்தியில் உட்காராத சம்பந்திகள் மாதிரி!

கஷ்டம் உடம்பில் இல்லை. இந்த ஊர் அன்பைச் சோறாகத்தான் பரிமாறும். மறுவீட்டுக்குச் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி. சும்மா எட்டிப் பார்த்தவருக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். 'போதும்' என்று இலையின் மேல் கையை மறித்தால் "என்ன, கோவமா?" என்பார்கள். நான் பெருத்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களே இப்போது வாசலில் நின்று, "எய்யா, இப்பிடி வாடிப் போயிட்டியே" என்று கண் கலங்கினார்கள். அத்தை மட்டும் ஒரு நாள்கூட 'இன்னும் ஒரு வாய்' என்று சொல்லவில்லை. எழுபது வருஷம் பரிமாறியே பழகின கை அது. பாலாடை காலியானதும் மறுபடி ஊற்றப் போய், கடிகாரத்தைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அதைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சாயங்கால நடையில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை. கடை திறப்பதற்கு முன்பே கூட்டம் நிற்கும். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, புளிக்கவிட்டு, சர்க்கரைப் பாகிலும் நெய்யிலும் கிண்டுகிற வாசனை கோபுரம் வரை போகும். பைபாஸ் ஆனவனுக்கு அல்வா என்பது வெடிகுண்டு. சர்க்கரை தங்குவதற்கு இடமில்லாமல் சரேலென்று சிறுகுடலில் போய் விழும்; குடல் உடம்புத் தண்ணீரை இழுக்கும்; கொட்டுகிற வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல். 'டம்பிங்' என்று பெயர். வாசனைக்குத் தடை இல்லை என்பதால் தினமும் இரண்டு சுற்று அந்தப் பக்கமே நடந்தேன். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அன்று சாயங்காலமே பத்தடி நடக்கவைத்தார்கள். இங்கே முதல் வாரம் ஒரு ரத வீதி. மூன்றாம் வாரம் நாலும்.

ஆறாம் வாரம் மாமா என்னைக் கொக்கிரகுளம் பக்கம் சுலோசன முதலியார் பாலத்துக்குக் கூட்டிப்போனார். 1843-ல் கட்டியது. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த மனிதர், ஊரில் வசூல் பண்ண மனசில்லாமல் தன் பணத்தைப் போட்டே கட்டினாராம். பாலத்தை மூச்சிரைக்காமல் கடந்தேன். இன்னொரு நாள் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வந்தால் உற்சவரை மேட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்; மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். 2023 டிசம்பர் வெள்ளம் எங்கே வரை வந்தது என்று மாமா கையை நீட்டிக் காட்டிய இடத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூஜை. எத்தனையாவது தடவை என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

பத்தாம் வாரம், 101 கிலோவில், தனியாகப் பாபநாசத்துக்கு பஸ் ஏறினேன். மூன்று தலையணை ஒன்றாகி ஒரு மாதமாகியிருந்தது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று வயலும் வாழையும் மாறி மாறி வந்தன. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் ஞாபகம், அம்பாசமுத்திரம் தாண்டினால் ஜன்னல் முழுக்கப் பொதிகை. சீப்பில் கொத்தாக முடி வருவது (புரதம் குறைந்தாலும், எடை வேகமாக இறங்கினாலும் மூன்றாம் மாதம் வாக்கில் கொட்டுமாம், திரும்ப வளருமாம்) காற்றில் இன்னும் கொஞ்சம் பறந்தது.

கோயில் படித்துறையில் பொரி போட்டால் மீன்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வாயைப் பிளக்கின்றன. ஒவ்வொன்றும் நம் முழங்கை கனம். யாரும் அவற்றிடம் பி.எம்.ஐ. கேட்பதில்லை. படியில் உட்கார்ந்து, அத்தை கொடுத்துவிட்ட டப்பாவைத் திறந்து, குழைய வெந்த பாசிப்பருப்பையும் தயிரையும் ஸ்பூன் ஸ்பூனாக மென்றேன்.

பக்கத்துப் படியில் ஒரு பையன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். நல்ல கனம். டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணாச்சி... ஆபரேஷனா? எங்க அத்தான் ஒருத்தருக்கும் இதே டப்பாதான்."

ஆமாம் என்றேன். பிறகு அவனாகவே கேட்டான். வலிக்குமா, செலவு எவ்வளவு, ஊசி போட்டால் போதாதா, பசியே இருக்காதா... கடைசியாக, குரலைத் தாழ்த்தி:

"பண்ணினதுக்கப்புறம் திரும்ப ஏறிருமா அண்ணாச்சி?"

"ஏறலாம். எனக்கு ஏறிச்சு. இது ரெண்டாவது."

அவன் முகத்தில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "அப்ப ரெண்டாவதும் பண்ணலாம் என்ன?" என்றான், ஒரு கதவு திறந்த மாதிரி.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். முதலில் உணவு நிபுணரையும் ஊசி மருந்து பற்றி டாக்டரையும் பார், ஆபரேஷன்தான் என்று முடிவானால் எண்டோஸ்கோப்பி பார்க்காமல் மேஜையில் ஏறாதே, ஐ.சி.யூ. இருக்கிறதா, இந்த டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ராத்திரி இரண்டு மணிக்குப் போன் பண்ணினால் யார் எடுப்பார்கள் என்று கூச்சப்படாமல் கேள். ஐந்து வருஷம் கழித்தும் செக்கப்புக்குப் போக வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் சொல்லிவை. டிக்கெட்டில் அதற்கு மேல் இடமில்லை.

"அம்மாட்ட பேசிப் பாக்கேன் அண்ணாச்சி" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

அம்பாசமுத்திரம் வரை ஒரே பஸ். அவன் இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து, மீதி இடத்தைக் கையால் தட்டி, "வாங்க, உக்காரலாம்" என்றான். உட்கார முடிந்தது. கொஞ்சம் நெருக்கடிதான்.